கேட்டுக்கு வெளியே இருநூறு அடி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிப் பெண்களின் பாதுகாப்பு பற்றி வாசகர்கள் எழுதும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். கேமரா வேண்டும், காவலாளிகளைக் கூட்ட வேண்டும், தண்டனை கடுமையாக வேண்டும் என்று எழுதுகிறார்கள். எல்லாமே வேண்டியதுதான். கோவைப் பக்கம் ஒரு மகளிர் விடுதியில் இருபத்திரண்டு வருடம் காப்பாளராக இருந்தவள் நான். என் மனதில் இத்தனை காலம் கிடந்து அரிக்கும் விஷயம் வேறு. நம் ஊரில் கல்லூரியும் ஊரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை. ஏதாவது நடந்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

2024 டிசம்பர் 23 அன்று இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமையை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தப் பெண்ணின் விவரங்கள் இருந்த முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்லி அரசுக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புக் குழுவையும் அமைத்தது. 2025 ஜூன் 2-ஆம் தேதி சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. குறைந்தது 30 வருடம் உள்ளேதான் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஐந்தரை மாதத்துக்குள் தீர்ப்பு. அந்தப் பெண்ணின் தைரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

சரி, நீதி கிடைத்தது. ஆனால் அந்த ஆள் எங்கிருந்தோ வந்தவன் இல்லை. வளாகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தவன், சாலையோரத்தில் பிரியாணிக் கடை வைத்திருந்தவன். அவன் மேல் ஏற்கெனவே வழக்குகள் இருந்தன. அவனைப் பற்றிய தகவல் மதிலுக்கு வெளியே, காவல்துறைப் பதிவேட்டில் இருந்தது. மாணவிகளோ மதிலுக்கு உள்ளே இருந்தார்கள். இந்தப் பக்கம் தெரிந்தது அந்தப் பக்கம் போய்ச் சேர என்ன வழி இருந்தது? வாசலில் நிற்கும் காவலாளியிடம் யாராவது வந்து எப்போதாவது பேசியிருப்பார்களா? அண்ணா பல்கலைக்கழகத்தை மட்டும் நான் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரி வாசலில் நின்றும் இதைக் கேட்கலாம்.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். எங்கள் கல்லூரி கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் இருநூறு அடி. நடுவில் ஒரு வாகை மரம், அதற்கடியில் ஒரு மின்கம்பம். விளக்கு இருந்தது, ஆனால் எரியாது. கடைசி டவுன் பஸ் எட்டே முக்காலுக்கு. லைப்ரரியில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் மூன்று மூன்று பேராகக் கை கோத்துக்கொண்டு, ஒருத்தி மட்டும் போன் டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டு அந்த இருட்டைத் தாண்டுவார்கள். எதிரே டீக்கடை வைத்திருந்த அக்கா, கடை மூடிய பிறகும் தன் குண்டு பல்பை அணைக்க மாட்டார். "கடைசிப் புள்ள பஸ் ஏறட்டும்மா, அப்புறம் போறேன்" என்பார். அவருக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

அந்த விளக்குக்காக நான் பதினோரு மாதம் கடிதம் எழுதினேன். கல்லூரி நிர்வாகத்தைக் கேட்டால் மதிலுக்கு வெளியே எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். பேரூராட்சியில் போய்ச் சொன்னால் அது நெடுஞ்சாலைத்துறை ரோடு என்றார்கள். மின்வாரியத்தில், கம்பம் எங்களுடையது, விளக்கு பேரூராட்சியுடையது என்றார்கள். ஒவ்வொருவரும் சொன்னது அவரவர் பைலில் சரியாகத்தான் இருந்தது. இருட்டு மட்டும் அப்படியே இருந்தது.

அதற்கிடையில் ஒரு நாள் மாலை, பைக்கில் வந்த இரண்டு பேர் ஒரு மாணவியின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துவிட்டுப் போனார்கள். கீழே விழுந்து முழங்கை பிய்ந்து வந்த பிள்ளைக்கு நான்தான் மருந்து போட்டேன். மறுநாள் கல்லூரி எடுத்த நடவடிக்கை என்ன தெரியுமா? லைப்ரரியை ஆறு மணிக்கே மூடினார்கள், விடுதி கேட்டை எட்டிலிருந்து ஆறரைக்கு மாற்றினார்கள். தப்பு செய்தவன் வெளியே சுற்றினான், பிள்ளைகள் உள்ளே அடைபட்டார்கள். அந்த மாணவி ஒரு கூலித் தொழிலாளியின் மகள், வீட்டில் முதல் பட்டதாரி. பரீட்சைக்கு அவளுக்கு இருந்த ஒரே வசதி அந்த லைப்ரரி மேசைதான். பாதுகாப்பு என்ற பெயரில் அவளிடமிருந்து அதையும் பறித்தோம். அந்தக் கேட்டுக்குப் பூட்டுப் போட்டவள் நான் என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது.

பிறகு அந்தக் காவல் நிலையத்துக்குப் புதிதாக ஓர் இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். ஒரு சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு எங்கள் முதல்வர், வார்டு உறுப்பினர், மின்வாரிய லைன் இன்ஸ்பெக்டர், என்னையும் சேர்த்து எல்லோரையும் அந்த இருநூறு அடியை நடக்க வைத்தார். டீக்கடை அக்காவையும் கூப்பிட்டுக் கேட்டார். எந்தக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து குடிக்கிறார்கள், எந்த நேரத்தில் அந்த பைக் வருகிறது என்று அந்த அக்கா விரல் விட்டுச் சொன்னார். நாங்கள் யாரும் அதுவரை அவரிடம் கேட்டதில்லை. பத்தே நாளில் விளக்கு எரிந்தது, கிளை வெட்டப்பட்டது. லைப்ரரியும் மறுபடி எட்டு மணி வரை திறந்தது.

இதையே பெரிய அளவில் செய்த ஊர் ஒன்று உண்டு. என் அண்ணன் மகள் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் படித்தபோது சொல்லி, நானும் தேடிப் படித்தேன். 1996 அக்டோபர் 31 இரவு, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு அருகே அங்கு வேலை பார்த்த ஆராய்ச்சியாளர் ஒருவர் வழிப்பறியில் குத்திக் கொல்லப்பட்டார். பெற்றோர்கள் கொதித்துப்போனார்கள். அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஜூடித் ரோடின் அதே நகரத்தில் வளர்ந்தவர். மதிலை உயர்த்திக்கொண்டு உள்ளே ஒடுங்காமல், பல்கலைக்கழகம் சுற்றுப்புறத்தோடு கை கோத்தது. வீட்டுக்காரர்கள் வாசலில் விளக்குப் போட்டால் செலவில் ஒரு பங்கைத் தானே ஏற்றது. 1997-ல் மற்ற நிறுவனங்களோடு சேர்ந்து, தெருவைச் சுத்தமாக வைக்கவும், ஆட்கள் ரோந்து நடக்கவும், இரவில் தனியாகப் போகிறவர்களுக்கு வீடு வரை துணை வரவும் ஓர் அமைப்பை உண்டாக்கியது. 2001-ல் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஓர் அரசுப் பள்ளி திறக்கவும் உதவியது. பள்ளியைச் சுற்றி வீட்டு விலை ஏறி, வசதி குறைந்தவர்கள் அங்கே குடியிருக்க முடியாமல் போனது என்ற குறையும் உண்டு, அதை நாம் மறக்கக் கூடாது. ஆனாலும் தெருவிளக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் வேலைதான் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்களே, அது எனக்குப் பெரிதாகப் பட்டது.

நம்மிடமும் நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. கோவை மாநகரக் காவல்துறை 2022-ல் தொடங்கிய 'போலீஸ் அக்கா' திட்டத்தில் கல்லூரிகளுக்கென்று பெண் காவலர்களை நியமித்தார்கள். ஸ்டேஷன் படி ஏறப் பயப்படும் பிள்ளை, தெரிந்த ஓர் அக்காவுக்கு போன் செய்வாள். போட்டோவை வைத்து மிரட்டுகிறான், பின்னாலேயே வருகிறான் என்பதையெல்லாம் வீட்டில்கூடச் சொல்லாத பிள்ளைகளை எனக்குத் தெரியும். பணியிடங்களில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013-ஆம் வருடச் சட்டப்படி அமைக்கும் உள்ளகப் புகார்க் குழுவிலும் வெளியாள் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் மட்டும் பேசி முடித்தால் போதாது என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது.

நான் கேட்பது இதுதான். மாதத்தில் ஒரு நாள், தேதி குறித்து, கல்லூரி, காவல் நிலையம், உள்ளாட்சி, மின்வாரியம், போக்குவரத்துக் கழகம் எல்லோரும் உட்கார வேண்டும். மாணவிகள் இரண்டு பேராவது அதில் இருக்க வேண்டும். வாசலில் பூ விற்பவரும் ஆட்டோ ஸ்டாண்டுக்காரரும் இருக்க வேண்டும். பாதுகாப்பு என்று சொல்லி முதலில் அவர்களைத்தான் துரத்துகிறோம், இரவு ஒன்பது மணிக்கு அந்த ரோட்டில் கண் திறந்து இருப்பதும் அவர்கள்தான். கூடி முடித்ததும் எல்லோரும் பஸ் ஸ்டாப் வரை நடந்து பார்க்க வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் எத்தனையோ பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். அந்தக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதும் அந்த மேசையில்தான் முடிவாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது அரசாணையாக வர வேண்டும்.

ஏன் அரசாணை என்கிறேன் என்றால், அந்த இன்ஸ்பெக்டர் அம்மா ஒன்றரை வருடத்தில் மாற்றலாகிப் போனார். அதன் பிறகு ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். விளக்கு எரிகிறது. ஆனால் வாகை மரத்தின் கிளை மறுபடி வளர்ந்து விளக்கை முழுக்க மூடிவிட்டது. கிளையை யார் வெட்ட வேண்டும் என்று கேட்டேன். கல்லூரி வாசலில் யாருக்கும் தெரியவில்லை. டீக்கடை அக்காவின் மகள்தான் இப்போது கடையைப் பார்க்கிறாள். அவள் பல்பை எரியவிட்டுக்கொண்டு, எட்டே முக்கால் பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விடுதிக் காப்பாளர்,
கோவை.