மிஸ்ஸிமார் தாள் நிரப்புபவர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் ஆஸ்பத்திரிக் கட்டுரையில், "மணிக்கொரு தரம் பிரஷர் பார்த்துத் தாளை நிரப்புவதைத் தவிர மிஸ்ஸிமாருக்கு என்ன வேலை?" என்று தாதிமாரைப் பற்றி ஒரு வரி. எழுதியவர் கொழும்புக்காரர், போகட்டும். தாங்களும் அதைப் படித்துவிட்டுத்தானே அச்சுக்கு அனுப்பியிருப்பீர்கள்?

அந்தத் தாள் இல்லாவிட்டால் என் மகன் இல்லை. கொழும்பில் கடையில் நின்றவன் தீபாவளிக்குக் காய்ச்சலோடு வந்து சேர்ந்தான். டெங்கு. வாட்டில் காய்ச்சல் இறங்கியதும் சோறு கேட்டான். டிக்கெட் வெட்டி அனுப்பிவிடுவார்கள் என்று வீட்டில் ஒரே சந்தோஷம். மிஸ்ஸி மட்டும் முன்னைவிட அடிக்கடி வர ஆரம்பித்தார். டெங்குவில் காய்ச்சல் விடும்போதுதான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும், ஓரிரு நாள் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும் என்பது தாங்கள் அறியாததா? 2017இல் நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை அது பிடித்தபோது பக்கம் பக்கமாக எழுதினீர்களே.

அன்று இரவு பிரஷர் 100க்கு 82. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை; பையனும் பேசிக்கொண்டுதான் இருந்தான். மிஸ்ஸி கழித்துப் பார்த்தார், 18. அந்த இடைவெளி 20க்கு வந்துவிட்டாலே டெங்கு நோயாளி இரத்த ஓட்டம் போதாமல் அதிர்ச்சி நிலைக்குப் போகிறான் என்று அர்த்தமாம். விரல் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டார், போத்தலில் பிடித்து வைத்த சிறுநீரை அளந்தார், உடனே டொக்டரை வரவழைத்தார். இதற்குத்தான் தங்கள் கட்டுரையாளர் தாள் நிரப்புவது என்று பெயர் வைத்திருக்கிறார்.

மிஸ்ஸி பேசாமல் கட்டிலருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தால் அவர் மூச்சை எண்ணுகிறார். சாதாரணமாகப் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை. பல நோயாளிகளுக்கு உடம்பு மோசமாகப் போவதை முதலில் காட்டுவது மூச்சுதான். இங்கிலாந்தில் மூச்சு, நாடி, பிரஷர், காய்ச்சல், ஒட்சிசன், நினைவு என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுகிறார்கள். கூட்டிப் பார்த்து 7க்கு வந்தால் அவசர நிலை. மெஷின் இருக்கிறதே என்பார் கட்டுரையாளர். சரி, அதைக் கையில் கட்டுவது யார், சத்தம் போட்டால் ஓடி வருவது யார்?

ஓடி வரத்தான் ஆள் வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஆஸ்பத்திரிகளில் செய்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடினாலே, சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறதாம். எங்கள் பக்கம் இராத்திரியில் ஒரு மிஸ்ஸி முழு வாட்டையும் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். அதைப் பற்றிக் கட்டுரை எழுத ஆளில்லை. கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டினால் மலையகப் பக்கத்தில் பெரிய படம். மே 12 தாதியர் தினம் வந்தால் விளக்கேற்றும் படம். தோட்டத்து மருந்துசாலை பூட்டிக் கிடப்பதாக முன்பு நான் எழுதியதை அரைவாசி வெட்டி, தோட்டத்தின் பெயரையும் மாற்றிப் போட்டீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

இன்னொன்று. என் மகனைப் பார்த்த மிஸ்ஸி குருநாகல் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. "வயிறு நோகுதா, தலை சுத்துதா" என்று தெரிந்த தமிழில் கேட்டுக் கேட்டு எழுதினார். தமிழ் அரச கரும மொழியாகி 1987இலிருந்து எத்தனை வருடம்! இன்னும் எங்கள் கிழவிகள் தங்கள் வலியைக் கையால்தான் காட்டுகிறார்கள். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். தமிழ்ப் பிள்ளைகளைத் தாதியர் பயிற்சிக்கு எடுப்பதைப் பற்றித் தங்கள் பத்திரிகையும்தான் எப்போது கேட்டது?

மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக்கசிவு, சிறுநீர் குறைதல், நிலைகொள்ளாத தவிப்பு, இவற்றில் எது வந்தாலும் உடனே மிஸ்ஸியிடம் சொல்லும்படி ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். ராசிபலனுக்கு அரைப்பக்கம் கொடுக்கிறீர்கள், அதில் நான்கு விரற்கடை போதும். மழைக்கு முன் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர்,
டிக்கோயா