இன்னொரு மூலைக்கும் டேப் பிடி

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. புது வீட்டு ஹால் தரையில் பதிக்க ஆத்தங்குடிக் கல் எத்தனை வேண்டும் என்று கேட்டிருந்தாய். ஹால் 16 அடிக்கு 12 அடி என்றாய் அல்லவா, 8 அங்குலச் சதுரக் கல் என்றால் நீளவாட்டில் 24, அகலவாட்டில் 18, ஆக 432. ஒன்றைக்கூட வெட்ட வேண்டியதில்லை. உடைசலுக்கு 20 கூடச் சேர்த்துக்கொள். 10 அங்குலக் கல் வேண்டாம், இரண்டு பக்கமும் துண்டு விழும்.

ஆனால் கல்லுக்குச் சொல்லுமுன் ஒரு வேலை இருக்கிறது. நம் வீட்டு இரண்டாங்கட்டில் ஓர் அறைக்குக் கல் மாற்றினோமே, அதுவும் 16க்கு 12தான். நாலு சுவரையும் நானே அளந்தேன். எதிரெதிர்ச் சுவர்கள் சமமாக இருந்தன, செவ்வகம்தானே என்று விட்டுவிட்டேன். கல் பதித்துக்கொண்டு போனால் கடைசி வரிசையில் ஒரு மூலையில் கல் சுவரை ஒட்டி நிற்கிறது, மறு மூலையில் இரண்டரை அங்குலம் சந்து! கொத்தனார் சிரித்துக்கொண்டே மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்தார். ஒன்று 20 அடி 2 அங்குலம், மற்றது 19 அடி 10 அங்குலம். பக்கங்கள் சமமாக இருந்தும் அறை கோணல், பள்ளிக்கூடத்தில் இணைகரம் என்பார்களே, அது. அந்த ஆப்பு வடிவத் துண்டுகளை உன் ஆத்தா இன்றைக்கும் எல்லாருக்கும் காட்டுகிறாள்.

அதனால் நீ இரண்டு குறுக்களவும் எடு. உன் ஹாலுக்குச் சரியாக 20 அடி வர வேண்டும்: பன்னிரண்டு பன்னிரண்டு 144, பதினாறு பதினாறு 256, கூட்டினால் 400, அது இருபது இருபது.

சின்ன வயதில் சதுரமும் செவ்வகம்தான் என்று சொன்னதற்கு என்னோடு சண்டை போட்டாய், ஞாபகம் இருக்கிறதா? நாலு மூலையும் செங்கோணமானால் செவ்வகம். பக்கமும் சமமானால் சதுரம், அவ்வளவுதான். ஆனால் சதுரத்துக்கு ஒரு சலுகை உண்டு. கால் சுற்று திருப்பினாலும் அதே குழியில் உட்காரும். செவ்வகக் கல்லுக்கு அரைச் சுற்று வேண்டும். நம் முகப்பில் நாலு கல் சேர்ந்து ஒரு பூவாகிறதே, ஒரே கல்லைத்தான் கால் கால் சுற்றாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க மாப்பிள்ளையைக் கூப்பிடு, தொய்வில்லாமல் இழுக்கச் சொல். இரண்டு அளவையும் எழுதி அனுப்பு, அப்புறம் ஆத்தங்குடிக்குப் போய்வருகிறேன்.

அப்பச்சி
காரைக்குடி