நெல் இலையில் மருந்து நிற்காதது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

புளியரை, செங்கோட்டைப் பக்கத்தில் கார் நெல்லுக்கு மருந்து தெளித்தவர்களில் சிலர், மருந்து இலையில் தங்காமல் உருண்டு வயல் தண்ணீரில் விழுகிறது என்றும், சரக்கில் குறை இருக்கலாம் என்றும் கடைக்கு வந்து வருத்தப்பட்டார்கள். சரக்கில் குறையில்லை, காரணம் இலையில் இருக்கிறது.

தாமரை இலையைப் போலவே நெல் இலையின் மேலும் நுண்ணிய மேடுகளும் மெழுகும் இருப்பதால், தண்ணீர்த் துளி இலையைத் தொடும் விளிம்பில் அமையும் கோணம் 150 பாகையைத் தாண்டிவிடுகிறது. துளி ஏறக்குறைய உருண்டையாகவே நிற்கிறது. அம்மேடுகள் நீளவாக்கில் வரிசையாக அமைந்திருப்பதால் துளி குறுக்கே செல்வதைவிட நீளவாக்கில் எளிதாக ஓடும். ஆரியங்காவுக் கணவாய்க் காற்றும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம்.

துளியை உருண்டையாகச் சேர்த்துப் பிடிக்கும் விசைக்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். தண்ணீருக்கு அது மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். பரவச் செய்யும் திரவத்தைக் கலந்தால் அது 30 அளவுக்கு இறங்கும். சிலிக்கோன் வகைத் திரவங்களில் 20-ஐ ஒட்டியும் வரும். அப்போது துளி தட்டையாகி இலையில் படர்கிறது.

சாய்வே இல்லாவிட்டாலும் துளி தானாக நகருமா என்று ஒரு பெரியவர் கேட்டார். நகரும். ஒரு பரப்பின் ஒரு பக்கம் தண்ணீரை விலக்குவதாகவும் மறுபக்கம் ஈர்ப்பதாகவும் இருந்தால், துளி ஈரம் ஒட்டும் பக்கம் நோக்கிப் போகும். 1992-இல் மனோஜ் சவுத்ரி, ஜார்ஜ் வைட்சைட்ஸ் ஆகிய அறிவியலாளர்கள் இருவரும் அவ்வாறு பக்குவப்படுத்திய சிலிக்கான் தகட்டை 15 பாகை சாய்த்துவைத்து, தண்ணீர்த் துளியை மேல்நோக்கியே ஏறவைத்துக் காட்டினார்கள். இழுவிசை வேறுபாடு நீரை நகர்த்துவதை வீட்டிலும் காணலாம்: தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத் தூளைத் தூவி, நடுவில் சோப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டால், தூள் முழுவதும் விளிம்புக்கு ஓடும்.

பரவச் செய்யும் திரவம் எப்போதும் வேண்டும் என்பதில்லை. சில மருந்துகளில் அது முன்பே சேர்ந்திருக்கும் என்பதால் லேபிளைப் பார்த்த பின்பே வாங்குங்கள். அளவு மிஞ்சினால் கரைசல் மெல்லிய படலமாகி இலை நுனி வழியே வடிந்துவிடும். மேலும், பரவச் செய்வது வேறு, மழையில் கழுவிப்போகாமல் ஒட்டவைப்பது வேறு. சாரல் விழும் நாளில் இத்திரவத்தை நம்பித் தெளிக்க வேண்டாம். தொட்டியை நிரப்பும் முன், கையுறை அணிந்து, கலந்த கரைசலில் நான்கு சொட்டை இலையில் விட்டுப் பாருங்கள்: உருண்டால் திரவம் போதவில்லை, வடிந்தால் மிகுதி.

இங்ஙனம்,
உரம், பூச்சிமருந்துக் கடையார்,
செங்கோட்டை