துணைக் கப்பல் இல்லாமல் பனிக்கடலுக்குள் போகாதீர்கள்

ஆர்க்டிக் கடலுக்குப் பயணிகளை அழைத்துச் செல்லும் கப்பல் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பனிமலைகளைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் உங்கள் கப்பல்களில் ஏறுகிறவர்களில் பலர் முதியவர்கள். அவர்களுக்காகவும், நீங்கள் நங்கூரமிடும் சிற்றூர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

2023 செப்டம்பர் 11 அன்று, வடகிழக்குக் கிரீன்லாந்தின் தேசியப் பூங்காவில், மலைகளுக்கிடையே நீளும் குறுகிய கடற்கழியான (ஃபியோர்டு) ஆல்பஃபியோர்டில், 'ஓஷன் எக்ஸ்ப்ளோரர்' என்ற சுற்றுலாக் கப்பல் 206 பேரோடு தரைதட்டியது. உதவிக்குக் கிளம்பிய டென்மார்க் கடற்படைக் கப்பல் 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. கடைசியில் 14ஆம் தேதி, மீன்வள ஆராய்ச்சிக் கப்பலான 'தராயோக்' ஓதம் ஏறிய வேளையில் அதை இழுத்து விடுவித்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் இரண்டே நாள் கழித்து, அதே தேசியப் பூங்காவில் உள்ள டிக்சன் ஃபியோர்டில் மலைச்சரிவு விழுந்து 200 மீட்டர் உயரத்துக்கு அலை எழுந்தது. அதன் அதிர்வை உலகெங்கும் நிலநடுக்கமானிகள் ஒன்பது நாள் பதிவு செய்தன. அந்த நேரத்தில் அங்கே கப்பல் எதுவும் இல்லாமல் போனது நம் நல்ல காலம்.

2017 முதல் நடப்பில் உள்ள, கப்பல்களுக்கான சர்வதேசத் துருவக் கடல் விதித்தொகுப்பு, மீட்பு வந்துசேரக் குறைந்தது ஐந்து நாள் ஆகும் என்று கணக்கிட்டே உயிர்காப்பு ஏற்பாடுகளைச் செய்யச் சொல்கிறது. எழுபது வயதுக்காரர் ஒருவர் உயிர்காப்புப் படகில், உறைபனிக் குளிரில் ஐந்து நாள் இருப்பதை நினைத்துப் பாருங்கள். பனிப்பாறைகள் பின்வாங்கும் இடங்களில், இதுவரை யாரும் ஆழம் அளக்காத கடலடி திறந்துகொண்டே வருகிறது. உங்களைக் கவரும் புதுப் பாதைகள் பல அங்கேதான் இருக்கின்றன.

1989 ஜூனில் நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்கு அருகே 'மாக்சிம் கார்க்கி' என்ற சோவியத் பயணிகள் கப்பல் பனியில் மோதியபோது, பயணிகளில் சிலர் மிதக்கும் பனிப்பாளங்களின் மேல் நின்று காத்திருந்தார்கள். நார்வேயின் கடலோரக் காவல் கப்பல் 'சென்யா' சில மணி நேரத்தில் வந்ததால் அத்தனை பேரும் பிழைத்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது அருகில் இருந்த இன்னொரு கப்பல்தான்.

கிழக்குக் கிரீன்லாந்தில், ஸ்கோர்ஸ்பி சண்ட் என்ற பெரிய ஃபியோர்டின் வாயிலில் இட்டோக்கோர்டூர்மீட் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 350 பேர் வாழ்கிறார்கள். ஆண்டின் பெரும்பகுதி கடல் உறைந்து கிடப்பதால், சரக்குக் கப்பலே கோடையில் ஓரிரு முறைதான் வரும். உங்கள் கப்பலுக்கு ஏதாவது நேர்ந்தால் கரையேறும் இருநூறு பேருக்கு உணவும் மருந்தும் படுக்கையும் தரவேண்டியது அந்த ஊர். அந்தச் சுமையை ஏற்கச் சம்மதமா என்று அவர்களைக் கேட்டீர்களா? பார்வையாளர் நடத்தை பற்றி உங்கள் சங்கம் வகுத்த நெறிமுறைகள் நல்லவைதான். படம் எடுக்குமுன் அனுமதி கேட்கச் சொல்வது சரிதான். அதே அனுமதியைக் கப்பல் வருவதற்கும் கேட்க வேண்டும். அந்த ஊரார் வேட்டையாடும் நார்வால் திமிங்கிலங்கள் கப்பல் இரைச்சலுக்குப் பல கிலோமீட்டர் தொலைவிலேயே மிரளும். ஆகவே வேட்டை நாட்களில் எந்தக் கப்பல் எப்போது வரலாம் என்பதையும் அந்த ஊரே முடிவு செய்யட்டும்.

தொலைதூர ஃபியோர்டுகளுக்குள் இரண்டு கப்பல்கள் ஒன்றையொன்று எட்டும் தொலைவில் சேர்ந்து செல்லட்டும். செலவு கூடும், பயணச்சீட்டின் விலையும் ஏறும், ஏறட்டும். அடுத்த பருவத்துக்கான அட்டவணையில் ஒவ்வொரு பயணத்துக்கும் துணைக் கப்பலின் பெயரையும், அது எத்தனை மணி நேரத்தில் வந்துசேரும் என்பதையும், பயணி பணம் கட்டுமுன் படிக்கும்படி அச்சிடுங்கள்.