வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற கார்த்திகைப் பொதுக்குழுவுக்குப் பிறகு நடந்தவற்றைச் செயலாளர் என்ற முறையில் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் கிளை நூலக மாடியில் நடந்தன. டிசம்பர் 11 பாரதி பிறந்தநாளில் கவிதை வாசிப்பு நடந்தது. ஆகஸ்ட் 12, சீர்காழி தந்த நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் பிறந்தநாள், நூலகர் நாளாகக் கொண்டாடப்பட்டது. நன்கொடையாக வந்த நூல்கள் பட்டியலிட்டு நூலகத்தில் ஒப்படைக்கப்பட்டன.

இனி, பருவத்துக்கேற்ற நூல்களை உறுப்பினர்கள் முறைவைத்துப் படிக்கும் இளவேனில் வாசிப்புத் திட்டம். இதை விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நூல்தேர்வைப் பற்றி வந்த குறைகளில் பெரும்பாலானவை தேர்வுக் கூட்டத்துக்கு வராதவர்களிடமிருந்து வந்தவை. அன்று வந்திருந்தால் அங்கேயே விடை கிடைத்திருக்கும்.

மார்ச்சிலேயே ஏன் தொடங்கவில்லை என்பது முதல் குறை. மேலைநாட்டுப் பதிப்பகங்கள் மார்ச்சில் வசந்தகாலப் பட்டியல் போடுவது அங்குள்ள பருவத்தை வைத்து. நமக்கு மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியுமே இளவேனில். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை என்று கொள்ளலாம். நடைமுறைக்கும் அதுதான் ஒத்துவரும். பங்குனியில் வீட்டில் பரீட்சை, அலுவலகத்தில் கணக்கு முடிப்பு. அந்த மாதம் கொடுக்கும் புத்தகம் அலமாரியிலேயே கிடக்கும்.

வசந்தம் என்றால் மகிழ்ச்சியான கதைகள்தானே வேண்டும் என்பது இரண்டாவது. பரிந்துரையாக வந்த தலைப்புகளில் பாதி, அட்டையில் பூப்போட்ட காதல் கதைகள். நம் இலக்கியம் வேனிலைக் கொடுத்திருப்பது பாலைத்திணைக்கு, பிரிவுக்கு. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் 341 முதல் 350 வரை உள்ளது இளவேனிற் பத்து. பத்துப் பாட்டும் ஒரே தொடரில்தான் தொடங்குகின்றன: அவர் வரவில்லை, பருவம் வந்துவிட்டது. அதற்குச் சான்றாகப் பாட்டுக்கு ஒன்றாகக் குயில், கோங்கம், குரவம், அதிரல், பாதிரி, புங்கம், மரா, மாந்தளிர், வேம்பு என்று வந்துகொண்டே இருக்கும். மூன்று நான்கு அடிகளில் முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவரும் தினம் ஒன்று படிக்கலாம். இதை முதல் நூலாக வைத்ததில் எனக்கு முழு நிறைவு.

பருவத்துக்கேற்ற நூல் என்பதற்குத் தேர்வுக்குழு வைத்த முதல் அளவுகோல், படித்ததை அந்த வாரமே வெளியே போய்ப் பார்க்க முடிய வேண்டும் என்பது. 347ஆம் பாட்டு புங்கம்பூவைப் பொரி என்கிறது. சித்திரையில் புங்கமரத்தடியில் நின்றால் தரை முழுவதும் பொரி சிந்தியதுபோலவே இருக்கும். புரட்டாசியில் இதே பாட்டுக்கு உரைதான் துணை. வேம்பின் பாட்டைப் புத்தாண்டு வாரத்திலேயே வைத்தோம். பச்சடிக்காக எல்லார் வீட்டிலும் வேப்பம்பூ இருக்கும் நேரம் அது. குயிலையும் விடவில்லை. 341ஆம் பாட்டில் பாடுவது பெண்குயில். மரத்தில் நாம் கேட்கும் நீண்ட கூவலோ கருநிற ஆண்குயிலுடையது. புள்ளிபோட்ட பெண்குயில் வெட்டி வெட்டிக் கத்தும். பறவைக் கையேட்டை மேசையில் வைத்துக்கொண்டு பாரதியின் குயில் பாட்டைப் படித்த அன்று நடந்ததுதான் இந்த ஆண்டின் மிகச் சிறந்த விவாதம்.

ஏப்ரல் 29 பாரதிதாசன் பிறந்தநாள் சித்திரையில் வருவதால், அந்த வாரம் அழகின் சிரிப்பிலிருந்து தென்றல் பகுதி. வைகாசிக்குச் சிலப்பதிகாரத்தின் வேனிற்காதை. புகார்க்காண்டத்தில் எட்டாவது காதை. வாய்விட்டுப் படிக்கக் கால்மணி நேரம் போதும். மாதவி தாழை மடலில் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பும் கடிதத்தைக் கோவலன் வாங்க மறுக்கும் இடம் இதில்தான் வருகிறது. இளவேனிற் பத்தைப் படித்து முடித்தவருக்கு இந்தக் காதைக்குத் தனி முன்னுரை தேவைப்படாது. வரிசையை மாற்றி வைத்தால் இந்தப் பலன் கிடைக்காது என்பதை வரிசையைப் பற்றிக் கேட்டவர்கள் கவனிக்க வேண்டும்.

நாவல் ஒன்று போதும், அதுவும் 240 பக்கத்துக்குள் என்று வரம்பு வைத்ததற்குக் கணக்கு இருக்கிறது. டெமி அளவுப் (வழக்கமான நாவல் அளவு) பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வைத்தால் 240 பக்கம் எட்டு மணி நேரம். ஒருவர் கையில் புத்தகம் இருப்பது பதினைந்து நாள். தினம் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், எவராலும் முடியும். 600 பக்க நாவலை எடுத்தால் அந்தப் பதினைந்து நாளில் பாதிகூடத் தாண்டியிருக்காது. அதன்பின் கல்யாணம், ஊர்த்திருவிழா, பிள்ளைகளின் சேர்க்கை அலைச்சல் என்று விட்டுப்போகும். பெரிய நாவல்களை ஐப்பசி மழைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று குழு முடிவெடுத்தது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றையும் பதிவு செய்கிறேன். பசையால் மட்டும் ஒட்டிய கட்டு, வெயில் படும் ஜன்னலோரத்திலோ பூட்டிய காரிலோ இருந்தால் இளகி, நடுப்பக்கங்கள் கழன்றுவிடும். புத்தகத்தின் தலைப்பக்கமாக முதுகைப் பாருங்கள். தாள்கள் மடித்த கற்றைகளாகத் தெரிந்து, கற்றையின் நடுவே விரித்தால் நூல் தையல் தெரிந்தால் அது தையல் கட்டு. பலர் கை மாறும் புத்தகத்துக்கு அதுவே தாங்கும். எழுத்தின் அளவு 12 புள்ளிக்குக் (பாயிண்ட்) குறைந்தால் மூத்த உறுப்பினர்கள் பத்துப் பக்கத்தில் மூடிவிடுகிறார்கள். பளபளக்கும் வெள்ளைத்தாள் பகல் வெளிச்சத்தில் கண்ணைக் கூசும். சற்றே மஞ்சள் கலந்த மேப்லித்தோ தாள் நல்லது.

பழந்தமிழ் நூலுக்கு எல்லாரும் ஒரே பதிப்பை வாங்க வேண்டியதில்லை. பக்க எண்ணைச் சொன்னால்தான் குழப்பம். பாட்டெண், காதை, வரி சொன்னால் எந்தப் பதிப்பிலும் தேடி எடுக்கலாம். 1998 முதல் இயங்கும் இணைய நூல் தொகுப்பான மதுரைத் திட்டத்தில் மூலம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் மூலத்தை அப்படியே அச்செடுத்துக் கொடுத்தால் புதியவர்கள் சீர் பிரிப்பில் தடுக்கி விழுவார்கள். பதம் பிரித்து, 14 புள்ளியில், பாட்டுக்குக் கீழே அருஞ்சொற்பொருளுடன் தட்டச்சு செய்தால் இளவேனிற் பத்து முழுவதும் ஏ4 தாள் இரண்டில் அடங்கும். உரைக்கு, ஐங்குறுநூற்றை உ.வே.சா. 1903இல் பழைய உரையோடு பதிப்பித்ததை ஒப்பிட்டோம்.

திட்டம் தடுமாறியது புத்தகப் படிகளின் எண்ணிக்கையில். ஒரு படிக்கு மூன்று வாசகர், ஆளுக்குப் பதினைந்து நாள், 45 நாளில் சுற்று முடிந்து மிச்ச நாளில் கலந்துரையாடல் என்பதே ஏற்பாடு. மே மாதம் ஊருக்குப் போகிறவர்களுக்கு முதல் முறை. இங்கேயே இருப்பவர்களுக்குப் பின்முறை. இதற்குத் தலைப்புக்கு வேண்டிய படிகளை ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து விழுக்காடு கழிவில் வாங்கியிருக்க வேண்டும். அப்போது பெட்டியில் பணம் இல்லை. சந்தாவில் பெரும்பகுதி சித்திரைக்குப் பிறகே வந்தது. சில இன்னும் வரவில்லை. ஆகவே குறைந்த படிகளே வாங்க முடிந்தது, ஒரு படிக்கு ஐந்து பேர் காத்திருந்தார்கள், கடைசி இருவர் கைக்குப் புத்தகம் வந்தபோது ஆனி பிறந்துவிட்டது. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் கழிவில் வாங்கியிருக்கலாமே என்று கேட்டார்கள். அதற்குள் முதல் முறை தொடங்கியாக வேண்டும். எடுத்த புத்தகத்தை இன்றுவரை திருப்பாதவர்களும் உண்டு. பெயர் சொல்ல நான் விரும்பவில்லை, பதிவேட்டில் இருக்கிறது.

சிறுவர்களுக்குத் தனியாக, படங்கள் நிறைந்த 32 பக்க நூல்களைக் கொண்டு காலை வாசிப்பு நடந்தது. வெயிலுக்கு முன் பத்து மணிக்குள் முடித்தோம்.

வரவு செலவைப் பொறுத்தவரை, மொத்தத்தில் வரவுக்குள் செலவு அடங்கியது. நூல் வாங்கிய வகையில் ஏற்பட்ட சிறு கூடுதல் செலவு நன்கொடையால் ஈடுசெய்யப்பட்டது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. தணிக்கையாளர் பார்த்துக் கையொப்பமிட்டிருக்கிறார்.

இடம் தந்த நூலகருக்கும், நாற்காலி போட்டு எடுத்த ஊழியருக்கும், தட்டச்சு செய்து தந்த இளைய உறுப்பினர்களுக்கும், தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும் நன்றி.

அடுத்த இளவேனிலுக்கு நெடுநல்வாடை போன்ற குளிர்காலப் பாடல்களைச் சிலர் பரிந்துரைத்திருக்கிறார்கள். அருமையான பாட்டுதான், ஆனால் அது கூதிருக்கு (ஐப்பசி, கார்த்திகை) உரியது. அப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். கலித்தொகையில் பெருங்கடுங்கோ பாடிய பாலைக்கலியிலிருந்து சில பாட்டுகளை முன்மொழிகிறேன். நூல்தேர்வுக் கூட்டம் மார்கழி முதல் ஞாயிறு காலை. வருபவர்கள் ஒரு தலைப்பு, பக்க எண்ணிக்கை, விலை, இப்போது அச்சில் உள்ளதா என்ற நான்கையும் தாளில் எழுதிவந்தால் போதும். மார்கழி பாதிக்குள் சந்தா சேர்ந்தால் மூவருக்கு ஒரு படி உறுதி. சேராவிட்டால் இளவேனிற் பத்து அச்சுத்தாளோடு திட்டத்தை நிறுத்திக்கொள்ள வேண்டிவரும். இந்தப் பொறுப்பை ஏற்க யாரேனும் முன்வந்தால், பட்டியல், சுற்று அட்டவணை, பதிவேடு மூன்றையும் இன்றே கொடுக்கிறேன். முன்வராவிட்டால் நானே தொடர்கிறேன், ஆனால் தேர்வுக் கூட்டத்தில் இரண்டு பேராவது என்னோடு உட்கார வேண்டும். பொருளாளர் இன்று கூட்டம் முடியும்வரை ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்