கருப்பாயிக்கு ஒரு துணை

பாப்பா,

போனில் பேசினால் நீ ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் இருக்கிறாய், பாதிப் பேச்சு அறுந்து போகிறது, அதனால்தான் எழுதுகிறேன். நம் முயல் கருப்பாயி தனியாகக் கிடக்கிறாள், கடையில் இன்னொரு முயலை வாங்கி அவள் கூண்டில் விட்டுவிடுங்கள் அப்பா என்றாய். துணை வேண்டும் என்பது சரிதான். வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கிற இனம் அது, நானும் அம்மாவும் எவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்தாலும் இன்னொரு முயல் வந்து நெற்றியை நக்கிவிடுவதற்கு ஈடாகாது. ஆனால் நேராகக் கூண்டில் விடுகிற வேலை மட்டும் வேண்டாம். அது அவள் எல்லை, புது முயல் உள்ளே வந்தால் கடித்துக் குதறிவிடுவாள். முயலைச் சாது என்று சொல்கிறவர்கள் ரெண்டு முயல் சண்டை போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள், பின்னங்கால் நகத்தாலேயே வயிற்றைக் கிழித்துவிடும்.

கருத்தடை செய்த ஆணும் கருத்தடை செய்த பெண்ணும்தான் பெரும்பாலும் ஒத்துப்போகிற ஜோடி. ரெண்டு பெண்ணும் சேரும், ஆனால் பாடு அதிகம். ஆபரேஷன் இல்லாமல் சேர்த்தால் 31 நாளில் குட்டி, குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினை பிடிக்கும், அப்புறம் வீடு தாங்காது. ரெண்டுமே பெண் என்று கடையில் சொல்வதையும் நம்ப முடியாது, குட்டியில் ஆணா பெண்ணா என்று பிரித்துப் பார்ப்பது பழகினவர்களுக்கே கஷ்டம். கருப்பாயிக்கு நீ இங்கே இருந்தபோதே ஆபரேஷன் முடித்தது ரொம்ப நல்லது, செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கர்ப்பப்பையில் புற்று வருவது சகஜம்.

அதனால் கடைக்குப் போகவில்லை. ஒத்தக்கடையில் அம்மாவின் சிநேகிதி வீட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு ஆண் முயல், கருப்பாயி வயதுதான், அவர்கள் ஊர் மாறிப் போகிறார்கள், யாராவது நல்லபடியாக வைத்துக்கொண்டால் தருவோம் என்றார்கள். புதுசாக ஆபரேஷன் ஆனவன். ஆபரேஷன் முடிந்தாலும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரை ஆணால் சினையாக்க முடியும், ஆபரேஷன் ஆகாத பெண்ணோடு அதுவரைக்கும் சேர்க்கக் கூடாது, கருப்பாயிக்கு அந்தப் பயம் இல்லை. முதலில் மாடி அறையில் தனியாக வைத்து, சளி, சொறி, கழிச்சல் ஏதும் இருக்கிறதா என்று கவனித்தோம். எந்தப் புது முயலையும் ரெண்டு வாரமாவது அப்படி வைத்துத்தான் ஆக வேண்டும்.

அதற்கப்புறம் கூடத்தில் ரெண்டு கூண்டையும் பக்கத்தில் பக்கத்தில், கம்பி வழியாகக் கடித்துக்கொள்ளாத அளவு இடைவெளி விட்டு வைத்தோம். அவன் விரிப்பை இவளுக்கும் இவள் விரிப்பை அவனுக்கும் மாற்றிப் போட்டால் வாசம் பழகும். கருப்பாயி அவன் சாக்கின் மேல் மூத்திரம் பெய்துவிட்டு, பின்னங்காலால் தரையைத் தட்டித் தட்டி வீட்டையே எழுப்பினாள். இப்போது அந்தக் கம்பியோரமே படுத்துத் தூங்குகிறாள். வேலிமசால் தழையை ரெண்டு பேருக்கும் கம்பியோரமாகப் போடுகிறோம், எதிரெதிரே உட்கார்ந்து மெல்லுகிறார்கள்.

நேரில் விடுவதற்கு அவள் காலே வைத்திராத இடம் வேண்டும், அம்மாவின் தையல் ரூம் அதற்குத் தோதாக இருந்தது. கால் வழுக்காமல் சாக்கு விரித்து, கொஞ்ச நேரம்தான் விடுகிறோம், கையில் தடித்த துண்டு வைத்திருப்பேன். ஒன்று மேல் ஒன்று ஏறினால் பதற வேண்டாம், யார் பெரியவர் என்று அவர்களுக்குள் தீர்த்துக்கொள்வது அது, தலைப் பக்கமாக ஏறினால் மட்டும் இறக்கிவிட வேண்டும். காதைப் பின்னால் ஒட்டிக்கொண்டு, வாலைத் தூக்கி, ஒருத்தரை ஒருத்தர் சுற்ற ஆரம்பித்தால் அந்த நிமிஷமே பிரித்துவிட வேண்டும், வெறுங்கையை விட்டால் கை போய்விடும். நேற்று கருப்பாயி மெதுவாகப் போய்த் தலையைத் தரையோடு தாழ்த்தி அவன் மூக்குக்குக் கீழே நீட்டினாள். என்னை நக்கிவிடு என்று கேட்கிறாள். அவன் அசையாமல் இருந்துவிட்டு, கண்ணுக்கு மேலே ரெண்டு தரம் நக்கினான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள், எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

இன்னும் கூண்டு ஒன்றாகவில்லை, அவசரப்படுத்தவும் மாட்டேன். ஐப்பசி மழை பெய்து காற்றும் குளிர்ச்சியாக இருக்கிறது, இதுதான் நேரம். சித்திரையில் நம் ஊர் 40 டிகிரி தொடும்போது புது முயலோடு மல்லுக்கட்டுவது ரெண்டுக்குமே ஆபத்து.

முக்கியமான விஷயம் ஒன்று. பொங்கலுக்கு வந்து கருப்பாயியைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்கிறாய். சேர்ந்த ஜோடியைப் பிரித்தால் ஏக்கத்தில் தீனி எடுக்காமல் போகலாம், முயல் அரை நாள் பட்டினி கிடந்தாலே குடல் ஓட்டம் நின்று உயிருக்கு வந்துவிடும். போனால் ரெண்டும் உன்னோடு வரட்டும், இல்லையென்றால் ரெண்டும் இங்கேயே இருக்கட்டும், எங்களுக்கு ஒரு பாரமும் இல்லை. உன் வீட்டு பால்கனியில் மேற்கு வெயில் அடிக்கிறதா, ஹவுஸ் ஓனர் ரெண்டு முயலுக்குச் சம்மதிப்பாரா, பக்கத்தில் முயல் பார்த்துப் பழகிய டாக்டர் இருக்கிறாரா என்று விசாரித்து வை. நாய் பூனை மட்டும் பார்க்கிறவராக இருந்தால் போதாது. ஞாயிற்றுக்கிழமை நிதானமாகக் கூப்பிடு, அம்மாவும் பேச வேண்டும் என்கிறாள்.

அப்பா