இந்த வெற்றிடத்தைத் தோண்டியவர்கள் எங்கே? நிலத்தடிக் குவாரி அருங்காட்சியகங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கைவிடப்பட்ட நிலத்தடிக் கல் குவாரிகளை அருங்காட்சியகமாக்கி நடத்தும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அண்மையில் அப்படி ஓர் இடத்துக்குப் போய்வந்தேன். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை, என் மனத்தாங்கல் அந்த ஒரு இடத்தின்மேல் மட்டும் இல்லை. டிக்கெட் எடுத்து, ஹெல்மெட் மாட்டி, படியிறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றினேன். போர்க்காலத்தில் மக்கள் அங்கே ஒளிந்திருந்த கதை சொன்னார்கள், அதற்கு முன்னால் காளான் வளர்த்த கதை சொன்னார்கள், கடைசி அறையில் சுவர் முழுக்க நீலமும் ஊதாவுமாக விளக்கு போட்டு இசை ஒலிக்கவிட்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வெளியே வந்து வெயிலில் நின்றபோதுதான் உறைத்தது: இவ்வளவு பெரிய பள்ளத்தை யார் வெட்டினார்கள், எப்படி வெட்டினார்கள், வெட்டிய கல் எங்கே போனது என்று அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு வரிகூட வரவில்லை.

நடுவில் ஒன்று மட்டும் நடந்தது. கூட்டம் முன்னால் போய்விட்டது, நான் ஒரு தூணருகே நின்று அதிலிருந்த கோடுகளைப் பற்றி வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் தன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். அதுவரை வெறும் மஞ்சள் சுவராக இருந்தது சட்டென்று மேடும் பள்ளமுமாக எழுந்து நின்றது. ஒரு சாண் நீளத்துக்கு வரிவரியாக உளித்தடங்கள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, இடுப்பளவுக்கு வந்ததும் சாய்வு மாறி, அப்புறம் தரையோரம் குட்டையாகி. ஒரு மனிதர் நின்றுகொண்டும், பிறகு குனிந்தும், பிறகு உட்கார்ந்தும் வேலை செய்திருப்பது அப்படியே தெரிந்தது. நேர் எதிரே வைத்த கலர் விளக்கில் இது எதுவுமே தெரியவில்லை. அந்த அரை நிமிடத்துக்காகவே நான் இன்னொரு முறை டிக்கெட் எடுப்பேன்.

என் வேண்டுகோள் இதுதான். அங்கே பார்க்க வேண்டிய முதல் பொருளே அந்த வெற்றிடம்தான். இயற்கையான குகையில் தண்ணீர் செய்த வேலையைப் பார்க்கிறோம், குவாரியில் ஒவ்வொரு கன அடியும் யாரோ கைவலிக்க வெட்டி, நகர்த்தி, மேலே ஏற்றியது. அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லுங்கள்.

சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. மேலேயே திறந்தவெளியில் வெட்டாமல் ஏன் பூமிக்குள் போனார்கள் என்பதே நல்ல கதை. நல்ல கல் ஒரு குறிப்பிட்ட அடுக்கில்தான் இருக்கும், அதற்குமேல் உதவாத பாறையும் மண்ணும், அதற்கும்மேல் வயலோ ஊரோ இருக்கும், அத்தனையையும் அள்ளிப்போடுவதைவிட பக்கவாட்டில் நுழைந்து அந்த அடுக்கை மட்டும் எடுப்பது மேல். மேற்கூரை விழாமலிருக்க அங்கங்கே வெட்டாமல் தூணாக விட்டுக்கொண்டே போவார்கள். அதாவது நாம் சாய்ந்து நிற்கும் தூண் யாரும் கட்டியதில்லை, எடுக்காமல் விட்ட கல். எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு விடவேண்டும் என்பதில்தான் உயிரே இருந்தது. அப்புறம் கல்லின் குணம். சுண்ணாம்புக்கல்லில் பல வகை வெட்டிய புதிதில் உள்ளே ஈரத்தோடு மிருதுவாக இருக்கும், காற்றுபட்டு உலர உலரத்தான் இறுகும். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள பீர் குவாரிக் குகைகளில் ரோமானியர் காலத்திலேயே வெட்டத் தொடங்கிய கல் இப்படிப்பட்டதுதான், எக்ஸிட்டர் பேராலயத்துக்கு அங்கிருந்துதான் கல் போனது. மேலே அந்தக் கோயிலின் நுணுக்கமான வேலைப்பாட்டைப் பார்த்தவருக்குக் கீழே இருக்கும் வெற்றிடமும் அதே கல்லின் மறுபாதி என்று சொல்ல வேண்டாமா?

பாரிஸ் கேடகோம்ப், அதாவது நகரத்துக்கு அடியில் மனித எலும்புகளை அடுக்கிவைத்திருக்கும் சுரங்கப்பாதைகள், என்றதும் எல்லாருக்கும் எலும்புகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது முதலில் குவாரி. நகரத்தின் கட்டடங்களுக்கு நகரத்தின் அடியிலேயே கல் எடுத்தார்கள், 1774-இல் ஒரு தெருவே உள்ளே இறங்கியது, 1777-இல் குவாரிகளை ஆய்வு செய்து முட்டுக்கொடுக்கத் தனித் துறையே அமைத்தார்கள். எலும்புகள் 1780-களில்தான் வந்தன. அந்தப் பார்வையாளர் பாதையிலேயே தெக்யூர் என்ற குவாரித் தொழிலாளி பாறையில் செதுக்கிய, ஸ்பெயினின் மெனோர்க்கா தீவிலுள்ள போர்ட் மஹோன் கோட்டையின் உருவம் இருக்கிறது. படைவீரராக இருந்தபோது பார்த்த கோட்டையை நினைவிலிருந்து செதுக்கினார், மற்றவர்களும் வந்து பார்க்க ஒரு படிக்கட்டு அமைக்கப் போனபோது பாறை சரிந்து இறந்துபோனார். குவாரியில் வேலை செய்தவர்களில் பெயரோடு நமக்குத் தெரிந்தவர்கள் இவரைப்போல மிகச் சிலர். உங்கள் குவாரியிலும் சுவரில் பெயரெழுத்தோ, ஆண்டோ, கணக்குக் கோடுகளோ யாராவது விட்டுப்போயிருப்பார்கள். அவற்றைத் தேடி எடுத்துக் காட்டுங்கள்.

போர்க் கதைகளைச் சொல்லவேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பிரான்சின் அராஸ் நகரில் உள்ள வெலிங்டன் குவாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப்போரில் நியூசிலாந்து சுரங்கத் தொழிலாளர்கள் இடைக்காலத்துச் சுண்ணக்கல் குவாரிகளை ஒன்றோடொன்று இணைத்தார்கள், 1917 ஏப்ரல் 9 தாக்குதலுக்கு முன் சுமார் 24,000 வீரர்களை நிலத்தடியில் தங்கவைக்க அதனால் முடிந்தது. ஆனால் இதற்குள்ளேயே பாருங்கள், இடைக்காலத்தில் கல் எடுத்தவர்கள் அந்த அறைகளை விட்டுப்போயிருக்காவிட்டால் இணைக்க என்ன இருந்திருக்கும்? கதையை அங்கிருந்து தொடங்கலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

இனி சில்லறை விஷயங்கள், ஆனால் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை. எத்தனை படி, எவ்வளவு குளிர் என்பதை டிக்கெட் விற்குமுன்னே சொல்லுங்கள். பாரிஸில் இறங்க 131, ஏற 112, உள்ளே சுமார் 14 டிகிரி என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நான் போன இடத்தில் மூட்டுவலியோடு வந்த ஒரு அம்மா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார், அவரைத் திரும்ப ஏற்றிவிட ஆளில்லை, உடன் வந்தவர்கள்தான் கைத்தாங்கலாக அழைத்துப்போனார்கள். விளக்குகளையும் குறையுங்கள். எப்போதும் எரியும் விளக்கைச் சுற்றிப் பாறையில் பச்சையாகப் பாசி படர்ந்திருப்பதைப் பார்த்தேன், இருட்டில் அங்கே அது வளர்ந்திருக்காது. வாய்ப்பிருந்தால் ஒரே ஒரு நிமிடம் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரு மெழுகுவர்த்தி அளவு வெளிச்சம் மட்டும் காட்டுங்கள். அந்த வெளிச்சத்தில்தான் அவர்கள் நாள் முழுக்க உளி பிடித்தார்கள்.

கடைசியாக ஒன்று. அந்தத் தூணில், தோள் உயரத்தில், உள்ளங்கை அளவு ஒரு சின்ன மாடம் குடைந்திருந்தது, அதற்குமேல் பாறையில் நாக்குப்போல் கரி படிந்திருந்தது. விளக்கு வைத்த இடமாகத்தான் இருக்கவேண்டும். பக்கத்திலேயே ஏணியும் சுவரைத் தேய்க்கும் பிரஷ்ஷும் கிடந்தன, ஏதோ சுத்தம் செய்யும் வேலை நடக்கிறதுபோல. தயவுசெய்து அந்தக் கரியைத் துடைத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவர்